மறித்தவன்

உலக ஸ்ட்ரோங்மேன் சம்மேளனம் என்று ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரிய வந்தது அண்ணனின் கூட்டாளி பிலிப்புவால்தான். பசறை ஜிம்மில் வைத்து அண்ணனுக்குத் தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். பனி மூடிய ஏதோ ஊரில் தாடிக்காரர்கள் கல் தூக்கினார்கள், லொறி இழுத்தார்கள்.

"இது என்னாடா வெளையாட்டு? நாம தெனம் செய்யிறதுதானே" என்றான் அண்ணன்.

"நீ செஞ்சா வேலை. அவன் செஞ்சா போட்டி."

அண்ணன் பெயர் புவனேந்திரன். நமுனுகுலயில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியில் போகிறவன். நிறுத்து முடித்த கொழுந்துச் சாக்குகளை லொறியில் ஏற்றி ஃபெக்டரியில் இறக்குவது அவன் வேலை. பிலிப்பு அவனை முதலில் ஹல்துமுல்லையில் ஒரு போட்டிக்கு இழுத்துப் போனான். பிறகு கண்டிக்கு. இந்த வருடம் தேசியப் போட்டி பதுளையில் வந்தது. முதலாவதாக வருபவர் மங்கோலியாவில் நடக்கும் ஆசியப் போட்டிக்குப் போகலாம். சம்மேளனத்தின் பிரதிநிதி ஒருவர் நேரில் வந்து பார்த்தால்தான் அந்தத் தெரிவு செல்லும்.

வந்தவர் பின்லாந்துக்காரர். பெயர் இல்மாரி. உயரமும் அகலமும் ஒன்றாக இருந்தவர், மெதுவாகப் பேசினார். போட்டியாளர் யாராக இருந்தாலும் அவருடைய மொழியிலேயே விதிகளைச் சொல்ல வேண்டும் என்பதும் சம்மேளனத்தின் ஒழுங்கு. தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவரை ஏற்பாட்டாளர்கள் தேடினார்கள். நான் பௌதிகவியலில் பட்டம் முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்தேன். பிலிப்பு என் பெயரைக் கொடுத்துவிட்டான். என்னிடம் கேட்கவில்லை.

நான் ஒரு போட்டியாளரின் தங்கை என்று முதல் நாளே இல்மாரியிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்தார்.

"நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. சொற்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறீர்கள். வழியில் எதையும் சேர்க்க வேண்டாம், சிந்தவும் வேண்டாம்."

சரி என்றேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. கூட்டத்தில் பேசுவது எனக்கு வராது. வேறொருவரின் சொற்களை மட்டும் சொல்வதென்றால் பயம் குறைவு.

இறுதி நாள் ஞாயிற்றுக்கிழமை. லீவு நாளில் பறித்தால் அன்றே காசு தரும் கைக்காசுக் கொழுந்துக்கு அம்மா மலைக்குப் போய்விட்டார். அப்பா மட்டும் வந்தார். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை, கையில் குடை, ஒரு பையில் ரொட்டியும் சம்பலும். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் சிலரும் அவரோடு வந்திருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் முன்வரிசையில் இடம் பிடித்துக்கொண்டு, அண்ணன் ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் "அடே புவனா, பாத்துடா" என்று கத்தினார். நான் இல்மாரிக்குப் பக்கத்தில் நின்றேன். அப்பா என்னைப் பார்த்துக் குடையை ஆட்டினார். நான் கையிலிருந்த தாள்களைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

"மாமா, கங்காணிகிட்ட இப்பவே ஒரு கம்பிளி கேட்டு வச்சிருங்க. மங்கோலியா குளிராம்" என்று பிலிப்பு அவரைச் சீண்டுவது கேட்டது.

"கம்பிளியெல்லாம் அந்தக் காலத்துத் தொரைங்க குடுத்தது. இப்ப கேட்டா கொடக்கம்பிதான் குடுப்பானுங்க."

லயத்து ஆட்கள் சிரித்தார்கள்.

அன்று மத்தியானத்துக்குள் கடைசிப் போட்டியைத் தவிர எல்லாம் முடிந்துவிட்டன. அண்ணன் முதலாவது. அவனுக்குக் கொஞ்சம் பின்னால் ஷாமில். மற்றவர்கள் எட்ட முடியாத தூரத்தில். ஷாமில் பதுளை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை இறக்குகிறவர். அண்ணனுக்குப் பழக்கம். காலையில் இருவரும் ஒரே போத்தலில் தண்ணீர் குடித்ததை நான் பார்த்தேன்.

கடைசிப் போட்டி சாக்கு ஏற்றுவது. மண் நிரப்பிய ஆறு சாக்குகளை மைதானத்தின் ஒரு முனையிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடி, மறுமுனையில் நிற்கும் லொறியின் பின்பக்கத்தில் ஏற்ற வேண்டும். யார் முதலில் முடிக்கிறார்களோ அவருக்கு முழுப் புள்ளி. அண்ணனும் ஷாமிலும் சேர்ந்து ஓடினார்கள். ஒரே லொறிதான். இடப்பாதி அண்ணனுக்கு, வலப்பாதி ஷாமிலுக்கு.

ஐந்தாவது சாக்கு வரை இருவரும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தார்கள். அண்ணன் தன் ஐந்தாவதை வைத்துவிட்டுத் திரும்பினான். அந்த நேரம் ஷாமில் தன்னுடையதை நெஞ்சில் அணைத்தபடி வந்து சேர்ந்தார். சாக்குக்குள் மண் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. பாரத்தின் மையம் அவருடைய கைகளுக்கு வெளியே போய்விட்டதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. லொறியின் பக்கப் பலகை அதற்குமேல் என்ன நடந்தது என்பதை மறைத்தது. ஷாமிலின் சாக்கு கீழே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் ஓடி வந்து தன் கடைசிச் சாக்கை எடுத்துப் போய் வைத்தான். இரண்டு கைகளையும் தூக்கினான். அப்பா குடையை விரித்துத் தலைக்கு மேல் சுற்றினார்.

பின்னால் நின்ற நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கியிருந்தார்.

கூடாரத்துக்குள் எங்களை அழைத்தார்கள். இல்மாரி, அந்த நடுவர், அண்ணன், ஷாமில், நான். நடுவருக்கு இரண்டு முதுகுகள்தான் தெரிந்திருக்கின்றன. அண்ணனின் கை ஷாமிலின் சாக்குப் பக்கம் போனதையும், அடுத்த கணம் சாக்கு விழுந்ததையும் கண்டார். கை எதற்காகப் போனது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஷாமிலுடைய கடைக்காரர் ஒரு பையனைப் போனோடு நிறுத்தியிருந்தாராம். அந்தப் படத்திலும் லொறிப் பலகைதான் இருந்தது.

இல்மாரி முதலில் ஷாமிலைக் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"கை ஒண்டு வந்திச்சு" என்றார் ஷாமில். "நான் எதிர்பாக்கல்ல. திடுக்கிட்டுட்டேன். பிடி உட்டுப் போச்சு."

"தள்ளின கையா, தாங்கின கையா?"

ஷாமில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "தெரியா. அதப் பாக்க நேரமில்ல."

நான் அப்படியே சொன்னேன். இல்மாரி அண்ணன் பக்கம் திரும்பினார்.

"சாக்கில் கை வைத்தாரா என்று கேளுங்கள்."

"வச்சேன்" என்றான் அண்ணன்.

"ஏன்?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ஏதோ கிறுக்குத்தனமாகக் கேட்டுவிட்டதுபோல இருந்தது அவன் பார்வை.

"ஏன்னா? சாக்கு சரியுது. நான் வெறுங்கைய வீசிக்கிட்டு பக்கத்துல நிக்கிறேன். என்னா செய்வாங்க?"

எனக்கு அது விளங்கியது. எங்கள் மலையில் நிறுவை இடத்துக்குப் பெண்கள் சாக்கைச் சுமந்து வரும்போது வெறுங்கையோடு நிற்கிற எவரும் ஒரு கை கொடுப்பார். கேட்கவும் மாட்டார்கள், நன்றி சொல்லவும் மாட்டார்கள். சரிகிற சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றவனைப் பற்றித்தான் பேசுவார்கள். கல்யாணப் பேச்சில்கூட அது வரும். "அவங்கப்பன் சாக்கு சரியிறப்ப வேடிக்கை பாத்தவன்தானே." கை வருகிறது என்று தெரிந்தால் சுமக்கிறவர் தன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி மாற்றிப் பிடிப்பார். அது இருவருக்கும் பழகிய விஷயம். ஷாமில் டவுனில் தனியாக மூட்டை இறக்குகிறவர். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இதையெல்லாம் ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். உதவி.

ஆனால் விதிகளை முதல் நாள் போட்டியாளர்களுக்குத் தமிழில் விளக்கியவள் நான்தான். போட்டியில் ஒருவருக்கு ஒருவர் உதவினால், அது பலித்தாலும் பலிக்காவிட்டாலும், கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் அந்தச் சுற்றில் பூச்சியம். இருவர் கூட்டுச் சேர்ந்து மற்றவர்களை ஏமாற்றக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு விதி. மறித்தால் வேறு. மறித்தவர் போட்டியிலிருந்தே வெளியே. ஒரு வருடம் எந்த நாட்டிலும் தூக்க முடியாது. மறிக்கப்பட்டவர் திரும்ப ஓடலாம்.

மனம் தானாகக் கணக்குப் போட்டது. இருவருக்கும் பூச்சியம் என்றால் அதற்கு முந்தைய புள்ளிகள்தான் மிச்சம். அதில் அண்ணன் முன்னால்.

நான் அண்ணன் பக்கம் சாய்ந்து, இல்மாரிக்கு எதுவும் சொல்வதற்கு முன், "அண்ணே, நீ சொன்னத அப்படியே சொல்றேன்" என்றேன். "ரெண்டு பேருக்கும் இதுல பூச்சியம் வரும். முந்தினதுல நீதான் கூட. அதனால நீதான் மங்கோலியா போவ. ஷாமிலுக்கு ஒண்ணும் கெடைக்காது. பயப்படாத."

சந்தோசத்தோடுதான் சொன்னேன். அந்த இரண்டு நாட்களும் என்னைச் சுற்றிச் சிங்களமும் ஆங்கிலமும்தான் இருந்தன. தமிழில் பேசினால் எங்கள் வீட்டுக்குள் பேசுவதுபோல ஆகிவிட்டிருந்தது. நிமிர்ந்தபோது ஷாமில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் வீட்டில் உம்மாவோடு தமிழில் பேசுகிறவர் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சற்றுமுன் அவரிடம் நான் தமிழில்தான் கேள்வி கேட்டிருந்தேன்.

என் காதுகள் சுட்டன. அவர் பார்வையை நிலத்துக்கு இறக்கினார். எனக்காகத்தான் இறக்கினார் என்று நினைக்கிறேன்.

அண்ணனும் அவரைப் பார்த்தான்.

"அவனுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

"அவன் என்னா செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல. விதி அப்படி."

"கை வச்சது நான். வுழுந்தது அவன் சாக்கு. கை குடுக்கிறேன்னு போயி சாக்கையும் வுழுத்தாட்டிட்டு, அதுல நான் ப்ளேன் ஏறவா?"

"அண்ணே, நீ உதவத்தானே..."

"மறிச்சேன்னு சொன்னா அவனுக்கு என்னா?"

விதிகள் அவனுக்கும் தெரியும். நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

"திரும்ப ஓடலாம், இல்லியா? அப்ப மறிச்சேன்னு சொல்லு."

"ஒன்ன வெளிய போட்ருவாங்க. பேரு ஒலகம் பூரா போவும்."

"போனா போவட்டும். நம்ம பேர எவன் அங்க வாசிக்கப் போறான்."

"புவன், வாணாம்" என்றார் ஷாமில். நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ சும்மா இரு."

அவர் சும்மா இருந்தார். ஒரு தடவைதான் சொன்னார்.

"என்ன பேசுகிறார்கள்?" என்று இல்மாரி கேட்டார்.

"விதியை விளக்கினேன்."

"அவருடைய பதிலைச் சொல்லுங்கள். அவருடையதை மட்டும்."

அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் நான் சொல்லியிருக்கலாம். அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஷாமிலுக்குக் கொஞ்சம் தெரியும், ஆனால் அவர் வாய் திறந்திருக்க மாட்டார். உண்மையைச் சொன்னால் அண்ணன் மங்கோலியா போவான். எங்கள் லயத்திலிருந்து ப்ளேன் ஏறியவர்கள் எல்லோரும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள்தான். வேறொரு காரணத்துக்காக ஒருவன் ஏறியிருப்பான்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர் மறித்ததாகச் சொல்கிறார்" என்றேன்.

"வேண்டுமென்றேவா?"

அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். "வேணும்னே செஞ்சியான்னு கேக்கிறாரு."

"ஆமா" என்றான் அண்ணன். கடையில் சீனி வேண்டுமா என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னான்.

"ஆம்" என்றேன்.

இல்மாரி கண்ணாடியைக் கழற்றினார். அண்ணனை நேராகப் பார்த்தார். "எனக்கு இந்த மனிதரைப் பிடித்திருந்தது" என்றார். "பாரத்தைக் கீழே வைக்கும்போது இவ்வளவு மரியாதையாக வைக்கிற ஒருவரை நான் அதிகம் பார்த்ததில்லை." பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "அதை மொழிபெயர்க்க வேண்டாம்."

நான் மொழிபெயர்க்கவில்லை.

முடிவை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முதலில் சிங்களத்தில். கூட்டம் ஊளையிட்டது. எங்கள் லயத்து ஆட்களுக்குச் சிங்களம் புரியும். ஆனால் சத்தத்தில் அவர்கள் சரியாகப் பிடிக்கவில்லை. அடுத்து தமிழில் சொல்ல வேண்டும் என்று இல்மாரி ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார். போட்டியாளரின் மொழியில் சொல்லாத தீர்ப்பு செல்லாது என்றார்.

"ஏ, சும்மா இருங்கப்பா" என்று அப்பாவின் குரல் கேட்டது. "எங்க பாப்பா பேசப் போவுது."

அவர் எழுந்து நின்றார். நன்றாகப் பார்க்க வேண்டும் என்று முன்னால் இருந்தவரின் தோளில் கை வைத்து எம்பினார்.

"போட்டியாளர் புவனேந்திரன்" என்றேன். என் குரல் ஒலிபெருக்கியில் போய், சுற்றியிருந்த மலைகளில் பட்டு, ஒரு கணம் தாமதித்துத் திரும்பி வந்தது. அது வந்து முடியும்வரை அடுத்த சொல்லைச் சொல்ல முடியவில்லை. "சக போட்டியாளரை வேண்டுமென்றே மறித்ததை ஒப்புக்கொண்டதால், போட்டியிலிருந்து நீக்கப்படுகிறார். ஒரு வருடம் எந்தப் போட்டியிலும் பங்குபற்ற முடியாது. போட்டியாளர் ஷாமில் கடைசிச் சுற்றை மீண்டும் ஓடலாம்."

ஒவ்வொரு வசனமும் இரண்டு தடவை கேட்டது.

எனக்குப் பின்னால், கயிற்றோரமாக, யாரோ தமிழிலேயே சொன்னார்கள். "தோட்டக்காட்டுப் புத்தி. வேற என்ன."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவர் தன் சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றியது, பார்க்கக் கூடாது என்றும் தோன்றியது. அப்படிச் சொல்லக் காரணம் கொடுத்ததே என் வாய்தான்.

பிலிப்பு கயிற்றைத் தாண்டி என்னிடம் வந்தான். "டீச்சர், என்னா சொன்னீங்க? அவனா மறிச்சான்? எறும்பு போனாக்கூட வெலகி நிக்கிற பயல். ஒங்க இங்கிலீஷ் பெசகிப் போச்சா?"

"இல்ல."

"பெசகிப் போச்சுன்னா சொல்லுங்க. இன்னும் நேரம் இருக்கு."

"பெசகல, பிலிப்பு."

அவன் என் முகத்தையே பார்த்தான். அவன் கண்ணில் என்னைப் பற்றி ஒரு முடிவு வருவது தெரிந்தது.

அதற்குள் அப்பா கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே வந்துவிட்டார். தடுக்க வந்த ஆளிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு நேராக நடந்தார். அண்ணனிடம் வரவில்லை. ஷாமிலிடம் போனார். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் கூப்பினார்.

"தம்பி, நான் அவன் அப்பன். கணபதி. எம்மவன் செஞ்சதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

ஷாமில் பின்னால் ஓரடி வைத்தார். "ஐயா, அதெல்லாம் வாணாம். உடுங்க."

"இல்ல தம்பி, வுடக்கூடாது. நாங்க அப்புடி வளக்கல. அவங்கம்மாவும் அப்புடி வளக்கல. எங்க இருந்து கத்துக்கிட்டான்னு எனக்கே தெரியல."

ஷாமில் அப்பாவின் தலைக்கு மேலால் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. ஷாமில் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார்.

"டேய், இங்க வா" என்றார் அப்பா, திரும்பாமலேயே. "வந்து நீயும் கேளு."

அண்ணன் வந்தான். அப்பாவைவிட இரண்டு மடங்கு பெரியவன். அவருக்குப் பக்கத்தில் நின்று, "மன்னிச்சுக்க ஷாமில்" என்றான்.

ஷாமிலுக்குச் சொல்ல வேண்டியிருந்த பதில் ஒன்றுதான். அதைச் சொல்லாதே என்று கேட்டவனே எதிரில் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் தலையை அசைத்தார். அது சரி என்றா இல்லை என்றா என்பது எனக்கு விளங்கவில்லை. அப்பா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

"அந்தப் பெரியவர் யார்? என்ன சொல்கிறார்?" என்று இல்மாரி என்னைக் கேட்டார்.

"புவனேந்திரனின் அப்பா. மன்னிப்புக் கேட்கிறார்." எங்கள் அப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இல்மாரி போய் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களைப் போன்றவர்களால்தான் இந்த விளையாட்டு நிற்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்" என்றார். நான் சொன்னேன். அப்பா சங்கடத்தோடு கையை விடுவித்துக்கொண்டார். நிலத்தையும் கூடாரத்தையும் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஷாமில் தனியாக ஓடினார். லொறியின் இடப்பாதி காலியாக இருந்தது. ஐந்தாவது சாக்கு மறுபடி சரிந்தது. அவர் அதைக் கீழே விடாமல் முழங்காலில் தாங்கி, மாற்றிப் பிடித்து ஏற்றினார். ஆறையும் முடித்தபோது கூட்டம் கத்தியது. அவர் கைகளைத் தூக்கவில்லை. லொறிப் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். களைத்துப் போய்விட்டார் என்று அறிவிப்பாளர் சொன்னார்.

முதலாவது ஷாமில். இல்மாரி அவர் கழுத்தில் பதக்கத்தை மாட்டும்போது அவருடைய பெயரை நான்தான் தமிழில் வாசித்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

பசறை பஸ் நிற்கும் இடத்துக்கு நாங்கள் நடந்தோம். லயத்து ஆட்கள் கொஞ்சம் முன்னால் போனார்கள். அவர்கள் எங்களுக்காகக் காத்து நிற்கவில்லை. ஆனால் வேகமாகவும் நடக்கவில்லை. பிலிப்பு தேத்தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கோ போய்விட்டான். ரொட்டிப் பையை அப்பா திறக்கவே இல்லை. அதை அண்ணன் வாங்கப் போனபோது மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

பஸ்ஸில் மூன்று பேர் இருக்கும் ஆசனத்தில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். நடுவில் நான். வெளிப்பக்கம் அண்ணன், பாதி உடம்பு நடைபாதையில்.

"பாப்பா" என்றார் அப்பா. "நீதானே அந்தக் கூடாரத்துக்குள்ள நின்ன. அவன் சொன்னத நீ சரியாத்தான் சொன்னியா?"

"சரியாத்தான்பா சொன்னேன்."

"வேணும்னேன்னு சொன்னானா?"

"சொன்னான்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாளைக்கு வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகணும். எவன் மொகத்துல முழிப்பேன்" என்றார். எங்களிடம் சொல்லவில்லை. கண்ணாடியிடம் சொன்னார்.

அண்ணன் தன் கைகளை மடியில் மல்லாக்க வைத்திருந்தான். மண்ணும் சுண்ணாம்புப் பொடியும் விரல் இடுக்குகளில் காய்ந்திருந்தன.

ட்ரைவர் ஏறி இஞ்சினைப் போட்டபோது யாரோ பஸ்ஸின் பக்கத்தில் தட்டினார்கள். ஷாமில். ஓடி வந்திருந்தார். பதக்கம் கழுத்தில் இல்லை. காற்சட்டைப் பையிலிருந்து அதன் நாடா வெளியே தொங்கியது. அப்பாவின் ஜன்னலுக்கு வந்து அண்ணாந்து நின்றார்.

"ஐயா, ஒரு விசயம் செல்லணும்."

அப்பா எழுந்து நிற்க முயன்றார். ஆசனத்துக்கும் கம்பிக்கும் இடையில் நிற்க முடியாமல் பாதி எழுந்த நிலையிலேயே மறுபடி கைகூப்பினார். "சொல்லுங்க தம்பி. என்ன வேணும்னாலும் சொல்லுங்க. நீங்க திட்டினாலும் நான் கேக்கணும்."

"திட்ட வரல்ல ஐயா. அவர் என்னைய..."

ஷாமிலின் கண் அப்பாவின் கூப்பிய கைகளில் போய் நின்றது. அந்தக் கைகள் எவ்வளவு நேரம் அப்படியே இருந்தன என்று தெரியவில்லை. அப்பாவுக்குப் பின்னால் அண்ணன் விரலை உதட்டில் வைத்திருந்தான், பிள்ளைகளை அடக்குவதுபோல. உண்மை தெரிந்தால் அப்பா அதை மலை முழுக்கச் சொல்வார். அது டவுன் வரை வரும். இல்மாரி வரை போகும். அண்ணன் கொடுத்தது ஷாமிலிடமிருந்து திரும்பப் போய்விடும். அது மூன்று பேருக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும்தான் தெரியாது.

"அவர் நல்ல மனிசன் ஐயா" என்றார் ஷாமில். "அதத்தான் செல்ல வந்தேன்."

பஸ் நகர்ந்தது. ஷாமில் கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். பிறகு நின்றுவிட்டார்.

அப்பா உட்கார்ந்தார். பதுளை டவுன் தாண்டி வளைவுகள் தொடங்கியபோது சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"பாத்தியாடா" என்றார், எனக்கு மேலால் அண்ணனிடம். "நீ அவனுக்கு அவ்வளவு பெரிய துரோகம் பண்ணியும், ஒன்ன நல்ல மனுசன்னு சொல்ல பஸ்ஸத் தேடி ஓடி வந்திருக்கான். ஒரு நல்ல தாய் வயித்துல பொறந்த புள்ள. ஒனக்கு அந்தப் புத்தி வருமா?"

"வராதுப்பா" என்றான் அண்ணன்.

நான் வாயைத் திறந்தேன். ஆசனத்துக்கு அடியில் அண்ணன் என் காலை மிதித்தான். வலிக்கும்படி இல்லை, ஆனால் அவன் கால் பாரமானது. பசறை வரும்வரை எடுக்கவே இல்லை.